பென் டிரைவில் லினக்ஸ்: கட்டுரையில் விட்டுப்போன மீதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடாமல் பென் டிரைவில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி ஓட்டலாம் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் லினக்ஸுக்கு முக்கால் பக்கம் கிடைத்ததே சந்தோஷம்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு என்று சொல்லி விண்டோஸ் 11 ஏற மறுக்கும் கணினிகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன, அதனால் கட்டுரை வந்த நேரமும் சரியான நேரம். ஆனால் "ஐஎஸ்ஓ கோப்பை டவுன்லோடு செய்யுங்கள், ரூஃபஸ் வைத்து பென் டிரைவில் எழுதுங்கள், அதிலிருந்து பூட் செய்யுங்கள், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்கள். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். அந்த "அவ்வளவுதான்" என்ற வார்த்தையை நம்பிச் செய்தவர்கள் இப்போது என் கடைக்கு வந்து, நேற்று அடித்து வைத்த ப்ராஜெக்டைக் காணோம், வைஃபை பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேட்கிறது என்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுக் கணினியே பூட் ஆகாத நிலையில் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் சொன்னபடி செய்தால் கிடைப்பது லைவ் லினக்ஸ். இயங்குதளம் மொத்தமும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக பென் டிரைவில் இருக்கும், அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. நீங்கள் புதிதாக ஒரு மென்பொருள் போட்டாலும், டெஸ்க்டாப் படத்தை மாற்றினாலும், எல்லாம் ரேமில் ஒரு மேல்பூச்சாக நிற்கும், ஆஃப் செய்ததும் போய்விடும். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரம் மாதிரிதான், சமைத்து முடித்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அது செய்யப்பட்டதே அதற்காகத்தான். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னாப்பர் க்னாப்பிக்ஸ் என்று ஒரு சிடியை வெளியிட்டார், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே சிடியிலிருந்து முழு டெஸ்க்டாப்பும் எழுந்து வரும். கெட்டுப்போன கணினியிலிருந்து ஃபைல்களை மீட்க நாங்களெல்லாம் வருடக்கணக்காக அந்த வகை சிடிக்களைத்தான் பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். இன்றைக்கும் பார்ப்பதற்கு, சோதிப்பதற்கு, மீட்பதற்கு லைவ் போதும். தினசரி வேலைக்குத்தான் போதாது.

"பெர்சிஸ்டன்ஸ் வைத்தால் சேமிக்குமே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆமாம், ரூஃபஸிலேயே அந்த வசதி இருக்கிறது, மாற்றங்களை மட்டும் தனி இடத்தில் எழுதிவைக்கும். ஆனால் அடியில் இருக்கிற மூலக் கோப்பு அப்படியேதான் இருக்கும், அதனால் ஒவ்வொரு அப்டேட்டும் பழையதை நீக்காமல் அதன் மேலேயே ஏறி உட்காரும், கொஞ்ச நாளில் இடம் தீர்ந்துவிடும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அப்டேட் வந்தால் அது வேலைக்கே ஆகாது, பூட் ஆவது பழைய கெர்னலில்தான். பாதுகாப்பு அப்டேட் இல்லாத விண்டோஸ் 10-ஐ விட்டு வந்தவரை, கெர்னல் அப்டேட் ஆகாத லினக்ஸில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன பிரயோஜனம்?

ஆக, வேண்டியது முழு இன்ஸ்டால். அதாவது ஹார்டு டிஸ்க்கில் எப்படி லினக்ஸ் போடுவோமோ, அதே பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி), அதே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், அதே பூட்லோடர் (ஆன் செய்ததும் இயங்குதளத்தை எழுப்பிவிடும் சின்ன மென்பொருள்) எல்லாவற்றையும் யூஎஸ்பியில் போடுவது. அப்டேட் முழுசாக ஏறும், போட்ட மென்பொருள் நிலைக்கும், கையோடு எடுத்துப்போய் இன்னொரு கணினியில் செருகினால் உங்கள் டெஸ்க்டாப், உங்கள் ஃபைல், உங்கள் பிரவுசர் டேப் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். விண்டோஸ் ஒரு கணினியில் போட்டதை இன்னொரு கணினிக்கு மாற்றினால் டிரைவரும் லைசென்ஸும் தகராறு செய்யும். லினக்ஸ் கெர்னலில் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் எதிரில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று புதிதாகப் பார்த்துக்கொள்ளும், இன்டெல்லாக இருந்தாலும் ஏஎம்டியாக இருந்தாலும் கவலை இல்லை. மைக்ரோசாஃப்டும் 'விண்டோஸ் டு கோ' என்று 2012-ல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் பதிப்போடு இதைச் செய்து பார்த்தது, 2020-ல் விண்டோஸ் 10-இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்போடு அதைத் தூக்கிவிட்டது.

யாருக்கு இது உதவும் என்று கேட்டால், என் கடைக்கு வருகிறவர்களையே சொல்லலாம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அப்பா டேலி பார்க்கிறார், மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள், அவளுக்கு லேபில் லினக்ஸ் கேட்கிறார்கள், அப்பாவின் டிஸ்க்கில் கை வைக்க வீட்டில் அனுமதி இல்லை. ஹார்டு டிஸ்க் செத்துப்போன பழைய டெஸ்க்டாப், புது டிஸ்க் வாங்கிப் போட மனசு வராது, ஆனால் போர்டும் ரேமும் நன்றாக இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கிற பையன், சொந்தமாக லேப்டாப் இல்லை, கல்லூரி லேபில் ஒரு கணினி, நண்பனிடம் ஒரு கணினி, விடுமுறைக்கு வந்தால் மாமா வீட்டில் ஒரு கணினி. (லேபில் இருப்பவர் அனுமதித்தால்தான், கேட்காமல் செய்யக் கூடாது. ஆபீஸ் லேப்டாப்பிலும் அப்படியே.)

இன்னொரு சங்கதி. நம் அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது, 2007-லேயே வெளிவந்தது. பசங்கள் அதை ஒரு தடவையாவது திறந்து பார்ப்பதற்குள், இடத்தை அடைக்கிறது என்று ஊரில் இருக்கிற கடைக்காரர்கள் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கேரளாவில் பள்ளிக்கூடங்களில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் ஐடி பாடமே நடத்துகிறார்கள், அங்கே எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அது சாதாரண விஷயம். இங்கே காலேஜில் முதல் தடவை பார்க்கிறார்கள். இந்த ஆதங்கத்தை வேறொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எதில் போடுவது என்ற கேள்வி. கட்டுரையில் "ஏதேனும் ஒரு 8 ஜிபி பென் டிரைவ்" என்று இருந்தது. லைவுக்கு அது சரி. முழு இன்ஸ்டாலுக்கு 32 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், 64 இருந்தால் நிம்மதி. ஆனால் கொள்ளளவைவிட முக்கியம் வேகம். பெட்டிக்கடையில் தொங்குகிற பென் டிரைவ்கள் சினிமா படம் ஏற்றுவதற்காகச் செய்தவை, பெரிய ஃபைலை ஒரே ஓட்டமாக எழுதினால் தாங்கும். இயங்குதளமோ ஒவ்வொரு நொடியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னதாக எழுதும், அதில்தான் இவை மூச்சு வாங்கும். பிரவுசரைத் திறந்துவிட்டு மவுஸ் நகராமல் உட்கார்ந்திருப்பீர்கள், அப்டேட் போட்டால் அன்றைய பொழுது போய்விடும், அப்புறம் "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ சார்" என்று பெயர் கெட்டுப்போவது லினக்ஸுக்கு. அப்படித் தொடர்ந்து எழுதினால் மலிவான பென் டிரைவ் சீக்கிரம் செத்தும் போகும்.

நான் எல்லோருக்கும் சொல்வது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 120 ஜிபியோ 240 ஜிபியோ ஒன்று கிடைத்தால், அதைப் போட்டுக்கொள்ள யூஎஸ்பி 3.0 கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பென் டிரைவை விடக் கொஞ்சம் பெரிசு, சட்டைப் பையில் அடங்கும், வேகத்தில் பென் டிரைவ் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. செருகும்போது நீல நிறத்தில் இருக்கிற யூஎஸ்பி போர்ட்டாகப் பார்த்துச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகம் 480 மெகாபிட், 3.0-க்கு 5 ஜிகாபிட், கறுப்புப் போர்ட்டில் செருகிவிட்டு எஸ்எஸ்டியைத் திட்டக் கூடாது. அப்புறம், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு "2 டிபி பென் டிரைவ்" என்று விற்கிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள். உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோ, கன்ட்ரோலரை 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள், அந்த அளவைத் தாண்டி எழுதுகிற எல்லாம் காற்றில் போகும். வாங்கியதும் லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் வைத்து முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, இன்ஸ்டால். இதற்கு இரண்டு யூஎஸ்பி வேண்டும், ஒன்றில் லைவ் லினக்ஸ், இன்னொன்று லினக்ஸ் போய் உட்காரப் போகிற டிரைவ். லைவில் பூட் செய்து இன்ஸ்டாலரைத் திறந்து எங்கே போடுவது என்று கேட்கும்போது இரண்டாவது டிரைவைக் காட்ட வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இன்றைய கணினிகள் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆகின்றன, அதாவது எழுந்திருக்கின்றன. அதற்கென்று டிஸ்க்கில் இஎஸ்பி என்ற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், விண்டோஸின் பூட் கோப்பும் அதில்தான் இருக்கும். யூஎஸ்பியில் போடுகிற லினக்ஸ், தன் பூட்லோடரான கிரப்பை யூஎஸ்பியில் இருக்கிற இஎஸ்பியில் எழுத வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரான யுபிக்விட்டி அப்படிச் செய்வதில்லை. பூட்லோடர் எங்கே என்ற கட்டத்தில் நீங்கள் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தாலும், கணினியில் முதலில் கண்ணில் படுகிற இஎஸ்பி எதுவோ, அதாவது உள்ளே இருக்கிற டிஸ்க்கின் இஎஸ்பி, அதில் கொண்டுபோய் எழுதிவிடும். 2014-லேயே இதைப் பிழை என்று உபுண்டு தளத்தில் பதிவு செய்துவிட்டார்கள், ஆண்டுக்கணக்காக அப்படியே கிடந்தது. 2023-இல் வந்த 23.04 பதிப்பிலிருந்து டெஸ்க்டாப் உபுண்டுவுக்குப் புது இன்ஸ்டாலர் வந்துவிட்டது, ஆனால் நம் ஊரில் புதிதாக வருகிறவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுகிற லினக்ஸ் மின்ட்டில் 22-ஆம் பதிப்பிலும் அதே பழையதுதான்.

விளைவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அண்ணனின் லேப்டாப்பில் வைத்து, தன் யூஎஸ்பியில் மின்ட் போட்ட ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். யூஎஸ்பி செருகியிருக்கிற வரை எல்லாம் அழகாக ஓடுகிறது. கழற்றிவிட்டு அண்ணன் ஆன் செய்தால், கறுப்புத் திரையில் கிரப் என்ற வார்த்தையும் பக்கத்தில் ஒரு மின்னும் கோடும், வேறு ஒன்றும் இல்லை. கிரப்பின் முதல் பாதி லேப்டாப்பில், மீதியும் அதன் அமைப்புக் கோப்பும் யூஎஸ்பியில், அது இல்லாமல் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறது. அதே யூஎஸ்பியைத் தோழியின் கணினியில் செருகினால் அங்கேயும் பூட் ஆகாது, ஏனென்றால் அதில் பூட் கோப்பே இல்லை. எப்படியோ பூட் ஆக வைத்தாலும், எந்தெந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டும் என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் லேப்டாப்பின் இஎஸ்பி அடையாள எண் பதிந்திருப்பதால், இல்லாத பார்ட்டிஷனுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடு என்று நிறுத்திவிடும். அந்த அண்ணன் முதலில் போனது வேறொரு கடைக்கு, அங்கே "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் அடிக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை! அதன் பூட் கோப்பு அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது, பூட் வரிசையில் மட்டும் உபுண்டு என்ற பெயர் (உபுண்டுவிலிருந்து பிறந்த மின்ட் அந்தப் பெயரில்தான் பதியும்) முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணினி ஆன் ஆகும்போதே திறக்கிற பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை மேலே ஏற்றினால் விண்டோஸ் வந்துவிடும், வேலை இரண்டு நிமிடம். தயவுசெய்து இதை மட்டுமாவது தடித்த எழுத்தில் போடுங்கள், யாருடைய ஃபோட்டோவும் கணக்கும் வீணாக ஃபார்மட்டில் போகாமல் இருக்கும்.

வராமல் தடுப்பதற்கு வழிகள் உண்டு. டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டைத் திறந்து ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள், உள் டிஸ்க்கே இல்லை என்றால் எங்கே போய்த் தவறாக எழுதும்? இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சில லேப்டாப்களில் உள் டிஸ்க்கை பயாஸிலேயே முடக்கி வைக்கலாம், அதுவும் நல்லதே. இரண்டும் முடியாது என்றால் லைவில் இருக்கும்போதே ஜிபார்ட்டெட் மென்பொருளைத் திறந்து, உள் டிஸ்க்கின் இஎஸ்பி பார்ட்டிஷனுக்கு இருக்கிற 'பூட்', 'இஎஸ்பி' கொடிகளைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வைக்க வேண்டும். மறந்தால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், அதனால் கை பழகாதவர்கள் இதைத் தவிர்க்கலாம். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) தெரிந்தவர்கள் அதற்குள்ளிருந்து யூஎஸ்பியை மட்டும் காட்டி இன்ஸ்டால் செய்யலாம், விர்ச்சுவல் மெஷினை யூஇஎஃப்ஐ முறையில் வைக்க மறக்காதீர்கள்.

எந்த டிஸ்க் எது என்று பார்க்கும்போது லினக்ஸ் அதற்கு வைக்கிற பெயரை நம்பாதீர்கள். இன்று எஸ்டிஏ என்று வந்தது நாளை எஸ்டிபி என்று வரும். அளவைப் பார்த்து, தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் யூஎஸ்பியைக் கழற்றிப் பட்டியலில் எது காணாமல் போகிறது என்று பார்த்து, அதன் பிறகு பட்டனை அழுத்துங்கள்.

இன்ஸ்டால் ஆன யூஎஸ்பி எந்தக் கணினியிலும் எழுந்திருக்க வேண்டும் என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். முன்பின் தெரியாத கணினி ஒரு யூஎஸ்பியில் தேடுவது ஒரே ஒரு இடத்தை, இஎஸ்பிக்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. சில இன்ஸ்டாலர்கள் தங்கள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு அதில் மட்டும் எழுதிவிட்டு, அந்தக் கணினியின் நினைவகத்தில் முகவரியைக் குறித்துவிட்டுப் போய்விடும், அடுத்த கணினிக்கு அந்த முகவரி எப்படித் தெரியும்? கிரப் இன்ஸ்டால் கட்டளையில் 'ரிமூவபிள்' என்ற சேர்க்கையைக் கொடுத்தால் பொது இடத்தில் எழுதும். டெபியனில் எக்ஸ்பர்ட் முறையில் இன்ஸ்டால் செய்தால், ரிமூவபிள் மீடியா பாதையிலும் கிரப்பைப் போடட்டுமா என்று அதுவே கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். எனக்கு இந்த வேலைக்கு டெபியன் பிடிப்பதற்கு அந்த ஒரு கேள்வியே காரணம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையைப் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் பூட் படிமம் இன்ஸ்டால் செய்த கணினிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்துக் கட்டப்படும், வேறு கணினியில் தகராறு செய்தால் பூட் பட்டியலில் 'ரெஸ்க்யூ' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

பூட் மெனுவுக்கு எச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, ஏசரில் எஃப்12 ஆனால் பல மாடல்களில் பயாஸில் போய் முதலில் அதை இயக்கி வைக்க வேண்டும், ஏசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப்.

பயாஸில் கை வைப்பதற்கு முன்னால் பிட்லாக்கரைப் பாருங்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி அது. விண்டோஸ் 11 இருக்கிற புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கையொப்பமிட்ட பூட் மென்பொருளை மட்டும் அனுமதிக்கிற செக்யூர் பூட் என்ற பயாஸ் வசதியை ஆஃப் செய்தீர்கள் என்றால் அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும், முதலிலேயே எடுத்து ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கணக்கின் பாஸ்வேர்டும் மறந்து, பதிந்த ஃபோன் நம்பரும் மாறிப்போயிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு யாராலும் முடியாது. உண்மையில் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தாலே ஓடும், ஆஃப் செய்யத் தேவையே இல்லை. "முதலில் செக்யூர் பூட்டை அணைக்கவும்" என்ற வரியை உங்கள் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டால் நல்லது.

இன்ஸ்டால் ஆன பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம். யூஎஸ்பியை முழுக்க லினக்ஸுக்கே கொடுக்காமல் முதல் பார்ட்டிஷனாகக் கொஞ்சம் இடத்தை எக்ஸ்ஃபேட்டில் விட்டு வையுங்கள், விண்டோஸ் கணினியில் செருகினால் அந்த இடம் சாதாரண பென் டிரைவாகத் தெரியும், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க வேறு பென் டிரைவ் தேட வேண்டாம். முதலாவதாக இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம், விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளுக்கு பென் டிரைவில் முதல் பார்ட்டிஷன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஜாக்கிரதை, லினக்ஸ் பார்ட்டிஷனைப் பார்த்ததும் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும், கடைக்காரர் பழக்கத்தில் ஓகே அழுத்திவிடுவார். ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுகிற ஸ்வாப் இடத்தை யூஎஸ்பியில் வைக்காதீர்கள், அதற்குப் பதில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிற இசட்ரேம் போடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடாதீர்கள், வீட்டில் நன்றாக ஓடும், வேறு கணினியில் திரை கறுத்துப் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, இன்ஸ்டால் செய்யும்போதே என்கிரிப்ஷனை, அதாவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவதை, தேர்ந்தெடுங்கள். டவுன் பஸ்ஸில் பாக்கெட்டிலிருந்து விழுகிற பொருள் இது, அதில் உங்கள் மெயில் லாகின், ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக் ஃபோட்டோ எல்லாம் இருக்கும்.

கடிகாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதற்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு. லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் லினக்ஸை ஓட்டிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். "பயாஸ் பேட்டரி போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னால் தீர்ந்தது.

தமிழ் டைப் பண்ணுவது கஷ்டம் என்று இன்னமும் ஒரு பேச்சு இருக்கிறது. லினக்ஸின் தட்டச்சு மென்பொருளான ஐபஸ்ஸில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஃபோனெட்டிக் எல்லாம் கிடைக்கும். தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல், அங்கே வானவில் எழுத்துருவில் ஃபைல்கள் வரும். எழுத்துருவை லினக்ஸில் போட்டுப் படிக்கலாம், அந்த டைப்பிங் மென்பொருள் ஓடாது. டேலியும் அப்படியே, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டப் பார்க்கிற வைன் வைத்து முயற்சி செய்கிறேன் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கணக்கு விஷயத்தில் விளையாடக் கூடாது. ஆன்லைன் தேர்வுகளுக்குப் பூட்டுப் போடுகிற மென்பொருள்களில் பலவும் விண்டோஸ்தான் கேட்கும். இந்த மூன்றும் உங்களுக்கு அன்றாட வேலை என்றால் விண்டோஸை விடாதீர்கள், லினக்ஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

2 ஜிபி ரேம் இருக்கிற பழைய கணினி வைத்திருப்பவர்கள் உபுண்டுவைத் தொடவே வேண்டாம், ஆன்டிஎக்ஸ் போல இலகுவானது பாருங்கள். 32 பிட் மட்டும் ஓடுகிற மிகப் பழைய இயந்திரத்துக்கு டெபியன் 13-இல் இன்ஸ்டாலரே இல்லை, 12-ஐத்தான் தேட வேண்டும்.

ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, பூட்லோடர் விஷயத்தையும் பிட்லாக்கர் விஷயத்தையும் மட்டுமாவது படத்தோடு போடுங்கள், இன்ஸ்டாலரில் அந்தக் குறிப்பிட்ட கட்டம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். இரண்டாவது, விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் கூடுகிற தேதியை வாரம் ஒரு முறை இன்றைய நிகழ்ச்சிகள் பகுதியில் ஒரு வரி போட்டால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொள்வார்கள். கட்டுரை எழுதிய நிருபர் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரட்டும், உள் டிஸ்க்கைக் கழற்றிய ஒரு டெஸ்க்டாப்பில் முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டுகிறேன், படமும் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
புதுக்கோட்டை.